மார்ச்சில் சூசையப்பர், மே மாதத்தில் மாதா

பெரம்பலூரும் அரியலூரும் இன்றைக்கு இரண்டு மாவட்டங்கள். 1995இல் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மீண்டும் தனியானது. என் சிறு வயதில் இந்தக் கோடுகள் எதுவும் கிடையாது. எல்லாமே திருச்சி மாவட்டம்தான். ஆனாலும் எனக்கு அவை இரண்டு உலகங்கள். பெரம்பலூர்ப் பக்கம் அப்பாவின் ஊர், பாளையம். அங்கே கோயில் சூசையப்பருக்கு. கொள்ளிடக் கரையில் அம்மாவின் ஊர், ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில். அங்கே எல்லாமே அடைக்கல மாதா. மார்ச் மாதம் பாளையத்தில் ஒரு புத்தகம். மே மாதம் ஆற்றங்கரையில் இன்னொரு புத்தகம். இந்த இரண்டையும் சத்தம் போட்டு வாசித்துத்தான் எனக்குத் தமிழ் வந்தது. கடவுள் நம்பிக்கையும் அப்படித்தான் வந்தது.

கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘வணக்கமாதம்’ என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் மாதம் சூசையப்பருக்கு, மே மாதம் மாதாவுக்கு, ஜூன் திரு இருதயத்துக்கு, நவம்பர் இறந்த ஆத்துமாக்களுக்கு. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தனிப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் சில பக்கங்கள். முதலில் ஒரு தியானம், பிறகு ஒரு செபம், அதோடு ‘புதுமை’ என்ற தலைப்பில் ஒரு கதை. எங்கோ ஸ்பெயின் தேசத்துக் கப்பல் புயலில் சிக்கும். பிரான்சு தேசத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கண்ணீர் விடுவாள். கள்ளன் ஒருவன் மனம் திரும்புவான். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் விளக்கு பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஒருவர் வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை எனக்கு.

அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் கையிலிருக்கும் செபமாலை நிற்கும். “ஏப்பா, நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே” என்பார். புதுமை வரும் இடத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். அவர்களில் கோயிலுக்கு வராதவர்களும் இருந்தார்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்களும் இருந்தார்கள். கதை கேட்க வந்தவர்களை யாரும் எந்தச் சாமி என்று கேட்டதில்லை.

அந்தப் புத்தகங்கள் ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தன என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. 1960களின் நடுப்பகுதி வரை பூசை லத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று சொல்வதை மக்கள் பக்தியோடு கேட்டார்கள். பொருளை இந்த மலிவுப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வேதாகமத்தை வீட்டில் வைத்து வாசிக்கும் வழக்கம் எங்கள் பக்கக் கத்தோலிக்கரிடம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முன்னால் பல தலைமுறைகளுக்கு வேதம் என்பது வணக்கமாதம், அர்ச்சிஷ்டவர் (புனிதர்) சரித்திரம், அம்மானைப் பாட்டு, செபப் புத்தகம். கற்றவர்கள் இவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் களத்துமேட்டிலிருந்து வந்து கால் கழுவி உட்கார்ந்த ஒரு பெண்ணோடு கடவுள் தமிழில் பேசியது இவற்றில்தான்.

மார்ச் மாதத்துச் சூசையப்பர் எங்கள் ஊருக்குப் பொருத்தமான புனிதர். வேதாகமத்தில் அவர் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. சொன்னதைச் செய்தார், இரவோடு இரவாகக் குழந்தை சேசுவையும் தாய் மரியாளையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார், தச்சு வேலை செய்து சோறு போட்டார். அவ்வளவுதான் அவர் கதை. பெரம்பலூர் மண் மழையை நம்பிய மண். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் ஊர்களில், பேசாமல் உழைத்த ஒரு மனிதரைப் பற்றி மாதம் முழுக்க வாசித்தால் அது பக்கத்து வீட்டுக் கதையாகவே கேட்கும். அப்பா ஏர்க்கலப்பையைச் சரி செய்துகொண்டே கேட்பார். அந்த மாதம் மட்டும் அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை.

பெரம்பலூர்ப் பக்கத்து மண்ணில் இன்னொரு விசேஷம் உண்டு. சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளம், வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் நத்தை போலச் சுருண்ட கல் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதற்குச் சாட்சி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதைச் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. நோவா காலத்து வெள்ளம்தான் அது என்றார் அப்பாயி. இல்லை, கோடிக்கணக்கான வருஷக் கணக்கு என்றேன் நான். கோயிலில் வேதம் கற்றுக்கொடுக்கும் உபதேசியார் தாத்தா அன்றைக்கு எங்கள் திண்ணையில் இருந்தார். “கடல் எப்ப இருந்துச்சுன்னு வாத்தியாரு சொல்வாரு, கேட்டுக்க. அந்தக் கடலை யாரு படைச்சாருன்னு இந்தப் புத்தகம் சொல்லும். ரெண்டுக்கும் சண்டை இல்ல தம்பி” என்றார்.

அந்தப் பதில் என்னை இன்று வரை கைவிடவில்லை. விரிந்துகொண்டே போகும் அண்டம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1931இல் முதலில் எழுதியவர் ஜார்ஜ் லெமைத்ர் என்ற பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. அதைப் படித்தபோது பாளையத்துத் திண்ணையில் கேட்டது பெரிய இடத்துப் பேச்சுதான் என்று தெரிந்துகொண்டேன்.

நவம்பர் மாத வாசிப்பு மட்டும் கனமாக இருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது பாவம் கழியும் இடத்தில், இருக்கும் ஆத்துமாக்களுக்காக வேண்டும் மாதம் அது. 1956 நவம்பர் 23 அன்று அதிகாலையில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி ரயில் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நாட்டுக்கு அது சாஸ்திரியின் நேர்மையைச் சொல்லும் கதை. எங்கள் பக்கத்துக்கோ பெயர் தெரியாத அத்தனை சாவுகள். நவம்பர் வாசிப்பு முடிந்ததும் அப்பாயி சொந்தக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, “ஆத்தோட போனவங்களுக்கும்” என்று சேர்த்துக்கொள்வார். அவர்கள் எந்த மதம், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. ஒரு மலிவுப் புத்தகம் ஒரு கிழவியின் மனத்தை அவ்வளவு அகலமாக்கி வைத்திருந்தது.

முழுப் பரீட்சை முடிந்தால் அம்மா ஊர். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் அரியலூர், அங்கிருந்து கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர், பிறகு கிழக்கே திரும்பி ஏலாக்குறிச்சி. சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வாய்க்காலும் நெல்லும் தென்னையும் வந்துவிட்டால் கொள்ளிடம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதே கரையில் மேற்கே திருமழபாடி, சுந்தரர் பாடிய தலம். கிழக்கே மாதா கோயில். ஆற்றைத் தாண்டினால் திருவையாறு. இசையும் பாட்டும் பக்தியும் மொழியும் ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்த வட்டாரம் அது.

அம்மாயி வீட்டில் மே மாதம் என்றால் மாதா வணக்கமாதம். அதற்கு மேல் அம்மாயியிடம் வாய்மொழியாக ஒரு கதையும் உண்டு. அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜப்பிளவை வந்தது. எந்த வைத்தியத்துக்கும் ஆறவில்லை. வீரமாமுனிவர் மாதாவை வேண்டி, ஏலாக்குறிச்சி மண்ணையும் பச்சிலையையும் குழைத்துப் பூசினார். பிளவை ஆறியது. மன்னர் மாதா கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்தார். பெயரிலேயே அரங்கனைச் சுமந்த ஒரு மன்னர் மாதாவுக்கு மானியம் விட்டார் என்ற இந்தக் கதையை ஊரில் எல்லோரும் தங்கள் கதையாகவே சொல்வார்கள். மாதா குளத்தில் கால் நனைத்து, கொஞ்சம் மண்ணை எடுத்து முடிந்துகொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு நிற்பதை நான் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன்.

வீரமாமுனிவரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படிக்கிறோம். கொன்ஸ்டான்சோ பெஸ்கி, 1680இல் இத்தாலியில் பிறந்தவர், சேசு சபைக் குரு. தமிழ் எழுத்தில் நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு காட்டிச் சீர்திருத்தியவர், சதுரகராதி தந்தவர், பரமார்த்த குரு கதை எழுதியவர். பாடம் அங்கே முடிந்துவிடும். அவர் ஆண்டுக்கணக்கில் தங்கி, திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, வேதியர்கள் என்ற உபதேசியார்களுக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்றுக் கொடுத்த ஊர் ஏலாக்குறிச்சி என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டும் தெரிந்து வைத்திருப்பார்கள். திருக்காவலூர்க் கலம்பகம் என்று ஊர் பெயரிலேயே ஒரு நூல் இருக்கிறது. அடைக்கல மாதாவைப் பாடும் நூல்கள் தனியாக இருக்கின்றன.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு ஒன்று உண்டு. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட தேம்பாவணியை எழுதிய அதே மனிதர், எழுத்து அதிகம் தெரியாத மக்களுக்காகக் கித்தேரியம்மாள் அம்மானையையும் எழுதினார். போர்த்துக்கல் தேசத்து வேதசாட்சியான ஒரு பெண்ணின் கதையை அம்மானை மெட்டில் போட்டுக் கொடுத்தார். வேதியர்களுக்காக எழுதிய வேதியர் ஒழுக்கம் உரைநடையில் இருக்கிறது. புலவருக்கு ஒரு நூல், உபதேசியாருக்கு ஒரு நூல், பாட்டிக்கு ஒரு நூல். யாருக்கும் குறைவாகக் கொடுக்கவில்லை. எளிய வாசகருக்கு எழுதுவது தாழ்ந்த வேலை என்று நினைக்கிற எழுத்தாளர்கள் ஒருமுறை ஏலாக்குறிச்சிக்கு வந்து போக வேண்டும்.

அம்மாயி வீட்டில் அம்மானையின் பழைய அச்சுப் பிரதி ஒன்று இருந்தது. அட்டை போய், ஓரம் அரித்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். மழைக்காலத்தில் நாற்று நட்டுவிட்டு வரும் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அது வெளியே வரும். ஒருத்தி பாட, மற்றவர்கள் ஈற்றடியைப் பிடிப்பார்கள். கித்தேரியம்மாள் தகப்பனிடம் எதிர்த்து நிற்கும் இடம் வரும்போது அம்மாயியின் குரல் ஏறும். தன் மனத்துக்குச் சரியென்று பட்டதை ஒரு பெண் அப்பனிடமே சொல்லலாம் என்பதை அந்த ஊர்ப் பெண்கள் முதலில் கேட்டது அந்தப் பாட்டில்தான் இருக்கும்.

தேம்பாவணியை எனக்கு வாசித்துக் காட்டியவர் தாய்மாமன். தமிழாசிரியர். 1850களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் முதலில் அச்சான நூல் அது என்பதைப் பெருமையோடு சொல்வார். அவரிடம் இருந்தது பிற்காலத்துப் பதிப்பு. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து நாட்டுப் படலத்தை வாசிப்பார். யூதேயா நாட்டில் வயலும் கரும்பும் தாமரைக் குளமும் இருப்பதைக் கேட்டு, “மாமா, அங்க பாலைவனம்தானே?” என்றேன். “அவரு உக்காந்து எழுதுனது எங்கடா? தலையத் தூக்கிப் பாரு” என்றார். எதிரே கொள்ளிடக் கரை வயல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காவியத்தின் நாயகர் யார் என்று கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வளன் என்ற பெயரில் வரும் எங்கள் பாளையத்துச் சூசையப்பர்! பேசாத அந்தத் தச்சருக்கு ஏலாக்குறிச்சி முனிவர் ஆயிரக்கணக்கான பாட்டு எழுதி வைத்திருக்கிறார் என்பது என் இரண்டு ஊர்களையும் ஒன்றாக முடிந்து போட்டது.

தவக்காலத்துக்கு வேறு புத்தகம். வியாகுலப் பிரசங்கம். கோவாவில் பிறந்து இலங்கையில் உழைத்து 1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற குருவானவர் எழுதியது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாசித்தது கடல் தாண்டி எங்கள் ஊருக்கும் வந்தது. சேசுவின் பாடுகளை இழவு வீட்டு ராகத்தில் இழுத்து வாசிக்க வேண்டும். பெரிய வெள்ளியன்று கோயிலில் உபதேசியார் தாத்தா அதை எடுத்தால் கல் மனசும் கரையும். மகனை இழந்த தாய்மார்கள் அன்றைக்கு மாதாவுக்காக அழுகிற சாக்கில் தங்களுக்காக அழுதார்கள். துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாத ஏழைகளுக்கு அந்தப் புத்தகம் ஒரு சுமைதாங்கி.

வளர்ந்த பிறகு வேறு புத்தகங்கள் வந்தன. கண்ணதாசன் 1981இல் காலமான பிறகு, 1982இல் வெளிவந்த இயேசு காவியம் எங்கள் பக்கத்து வீடுகளில் கல்யாணப் பரிசாகவே கைமாறியது. அர்த்தமுள்ள இந்துமதம் எழுதிய கை சேசுவின் கதையையும் எழுதியதில் யாருக்கும் முரண்பாடு தோன்றவில்லை. திருச்சியில் கல்லூரியில் படித்தபோது ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் கையில் கிடைத்தது. 1678இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் கதையைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார் என்று தெரிந்து அதையும் தேடி வாசித்தேன். பனிமலையில் நடந்து மறைந்த சாதுசுந்தர்சிங்கின் சரித்திரம் விடுதி முழுக்கச் சுற்றியது. சி.எஸ். லூயிஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபிசி வானொலியில் பேசி, பிறகு 1952இல் நூலாக்கிய ‘மியர் கிறிஸ்டியானிட்டி’யையும் அப்போதுதான் வாசித்தேன்.

லூயிஸ் வாதிடுகிறார். கடவுள் இருக்க வேண்டும் என்பதற்கு நியாயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக எடுத்து வைக்கிறார். அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். குண்டு விழும் இரவில் வானொலி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த நிதானமான குரல் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் என் ஊரில் யாரும் யாரையும் நியாயம் சொல்லி நம்ப வைக்கவில்லை. கதை சொன்னார்கள், பாடினார்கள், சேர்ந்து அழுதார்கள், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டார்கள். கேட்டவர்களின் நடத்தை மெல்ல மாறியது. நம்பிக்கை அந்த நடத்தையில் தங்கியது. வாதத்தில் தோற்றவன் வீட்டுக்குப் போய் வேறு வாதம் தேடுவான். அப்பாயியின் செபத்தில் முகம் தெரியாத ரயில் பயணிகளுக்கு இடம் இருந்ததைப் பார்த்தவனுக்குத் தேட ஒன்றும் இல்லை.

இன்றைக்குப் பாளையத்திலும் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலும் வணக்கமாதம் முற்றிலும் நின்றுவிடவில்லை. கோயிலில் ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். 1995இல் பொது மொழிபெயர்ப்பாக வந்த திருவிவிலியம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இது பெரிய பேறு, அப்பாயிக்குக் கிடைக்காதது. ஆனால் வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது அருகிப் போயிற்று. அம்மானை பாடத் தெரிந்த பெண்கள் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். வியாகுலப் பிரசங்கத்தை ராகத்தோடு எடுக்கும் உபதேசியார்களும் அப்படியே. வீடு இடித்துக் கட்டும்போது பரணில் இருந்த பழைய புத்தகக் கட்டு பழைய பேப்பர்காரரிடம் போகிறது. திருச்சியிலும் புதுச்சேரியிலும் கிறிஸ்தவ அச்சுக்கூடங்கள் மலிவு விலையில் அச்சிட்டுத் தந்த அந்த நூல்களில் பலவற்றுக்கு மறுபதிப்பு கிடையாது. ஒரு பிரதி எடைக்குப் போனால், கடைசிப் பிரதியே போனது என்று ஆகிவிடக்கூடும்.

எனவே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பரணில் வணக்கமாதமோ, அம்மானையோ, அர்ச்சிஷ்டவர் சரித்திரமோ, ஓலைச்சுவடியோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது, உங்கள் பங்குக் கோயிலிலேயே ஒரு அலமாரி ஒதுக்கலாம். அம்மானை பாடும் பாட்டி இருந்தால் இந்த வாரமே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும், உங்கள் மரபின் நூல் ஒன்றை எடுத்து, சாயங்காலத்தில் கால் மணி நேரம் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.